மைதாவின் இருமலுக்கு ஒரு பிராது

போன மாட்டுப் பொங்கலன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு வயது மகள், நான். இல்லாதவர்கள் அப்பாவும் மைதாவும். பண்டிகைக் கூட்டத்தில் பரோட்டாக் கல்லை விட்டு நகர முடியாது என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். மைதா போய் ஏழு வருஷமாகிறது.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். அம்மா முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் பன், ரஸ்க் விற்கிறவர் சைக்கிளில் போனார். இப்போது அந்த வியாபாரிகள் எல்லாரும் பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டுக்கொண்டு போகிறார்கள். இந்த ஆள் புதுசு போலிருக்கிறது. எங்கிருந்தோ பழைய ரப்பர் ஹாரன் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கைப்பிடியில் கட்டியிருந்தார். இரண்டு முறை அமுக்கினார். ஹாங்க். ஹாங்க்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அக்கா குளியலறையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் அடியைப் பார்த்தாள். நான் நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டேன். வழியில் கால் இருந்தால் மைதா தடுக்கி விழும் என்பது ஏழு வருஷத்துக்கு முந்திய பழக்கம். மூன்று பேரும் மூன்றாவது சத்தத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். குழந்தைதான் "பாம்" என்றது. பிறகு அம்மா அடுத்த மொச்சைக்காயை எடுத்தாள். இதையெல்லாம் பேசினால் எங்கே போய் முடியும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மைதா என்பது நாயின் பெயர். வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று, நரி மூஞ்சியோடு இருக்குமே, அந்தப் பொமேரியன் ஜாதி. எங்கள் மாதிரி வீட்டுக்கு அப்படிப்பட்ட நாய் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். அப்பா அப்போது வேப்பூரில் ஹைவேஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். ஒரு நாள் காரில் வந்த குடும்பம் ஒன்று சாப்பிட்டு, கை கழுவி, பில் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. வெளியே பெஞ்சுக் காலில் கட்டியிருந்த நாயை விட்டுவிட்டுப் போய்விட்டது. கழுத்தில் சிவப்புப் பட்டை, அதில் ஒரு குட்டி மணி. அடுத்த டோல்கேட்டில் ஞாபகம் வந்து திரும்பிவிடுவார்கள் என்று அப்பா சொன்னாராம். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நாய் ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் புதன்கிழமை, அப்பாவுக்கு வாராந்திர லீவு. காலியான மைதா சாக்கு ஒன்றில் அதை உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, மொபெட்டின் முன்பக்கம் வைத்து விருத்தாசலம் கொண்டுவந்துவிட்டார்.

"நாய்க்கு ஜிம்மின்னு வெப்பாங்க, டாமின்னு வெப்பாங்க. திங்குற சாமான் பேர எவனாவது வெப்பானா?" என்றாள் அம்மா.

"நான் வெப்பேன்" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் தெரு செராமிக் பட்டறைகளுக்குப் பின்புறத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருப் பள்ளத்தை நிரப்ப உடைந்த கப்பு சாஸரைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். காது போன கப்புகளின் மேல் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அக்கா எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு பொம்மைப் பட்டறைக்குப் போனாள். கூழ் போல் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது அவள் வேலை. எனக்கு அவள்தான் பீஸ் கட்டினாள். பதிலுக்கு நான் தெருவுக்கே மனு எழுதினேன். ரேஷன் கார்டு, கரண்டு கம்பம், சாக்கடை அடைப்பு, எதுவானாலும் வெள்ளைத் தாளோடு என்னிடம் வருவார்கள். நானும் இடப்பக்கம் மார்ஜின் விட்டு, "மேற்படி" என்றும் "ஆவன செய்யுமாறு" என்றும் போட்டுத் தருவேன். எந்த மனுவாக இருந்தாலும் கடைசி வரியில் "நிரந்தரத் தீர்வு" என்று ஒன்று இருக்கும். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் மனு பல் இல்லாத வாய் மாதிரித் தெரியும் எனக்கு. படித்த திமிர் என்று சொல்வார்களே, எனக்கு இருந்தது அந்த அளவுதான்.

மைதா வந்த நாளிலிருந்தே இருமியது. ஆனால் அது இருமல் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கையை அகட்டி, வாத்து கத்துகிற மாதிரி ஹாங்க், ஹாங்க் என்று சத்தம் போடும். முதல் வாரத்தில் எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா பன்காரர் வந்துவிட்டார் என்று தட்டோடு வெளியே வந்து ஏமாந்து போனார். அப்பா புதன்கிழமை காலையில் தெருமுனைக்கு வந்ததும் மொபெட் ஹாரனை மூன்று தரம் அடிப்பார். அது காதில் விழுந்ததும் மைதா வீட்டை நாலு சுற்றுச் சுற்றி, வாசலுக்கு ஓடி, ஹாங்க் ஹாங்க் என்று பதில் கொடுக்கும். அப்பா மறுபடி ஹாரன் அடிப்பார். அது மறுபடி. "பேசிக்கிறாங்க" என்று சொல்லி அக்கா சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்கிற சத்தத்தைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் சிரித்தோம்.

அப்பா ஓட்டலிலிருந்து கோழி எலும்பு கட்டிக்கொண்டு வருவார். அதனால் சத்தம் அதிகமானபோது, தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று அம்மா முடிவு கட்டினாள். மீன் முள் சிக்கினால் நமக்கு என்ன வைத்தியம்? வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்குவதுதானே. அதே வைத்தியம் மைதாவுக்கும் நடந்தது. இருமினால் ஒரு உருண்டை, மறுபடி இருமினால் இன்னொன்று. சோறு தொண்டையில் இறங்குகிற நேரம் இருமல் நிற்கும். அம்மாவுக்குத் தன் வைத்தியத்தில் நம்பிக்கை கூடியது. சோற்றுக்காகத்தான் நடிக்கிறது என்று அப்பா ஒரு கட்சி. இப்படியே நாய் உருண்டு திரண்டு, உட்கார்ந்தால் கால் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் இருமி இருமி அதன் நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமானதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. கடலூரில் நாய்க்கென்று தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார், எக்ஸ்ரே எல்லாம் எடுக்கிறார் என்று விசாரித்து, அக்காவும் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். ஒயர் கூடையில் படுக்கவைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, கூடையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். வடலூர் தாண்டியதும் கூடைக்குள்ளிருந்து ஹாங்க் என்றது. டிரைவர் யாரோ ஓவர்டேக் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸை இடப்பக்கம் ஒதுக்கி வழிவிட்டார். மறுபடி ஹாங்க். மறுபடி ஒதுங்கினார். கண்டக்டர் பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எவனையும் காணமேண்ணே" என்றார். அம்மா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் அவ்வளவு சாதுவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் நடுவயதுக்காரர், அவசரப்படாதவர். படத்தை விளக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். மூச்சுக்குழாயைச் சுற்றி வளையம் வளையமாகக் குருத்தெலும்பு இருக்கிறதாம். குழாய் திறந்தே இருப்பதற்கு அந்த வளையங்கள்தான் ஆதாரம். இந்த மாதிரிச் சின்ன ஜாதி நாய்கள் சிலவற்றுக்கு அது நாளாக ஆகத் தளர்ந்துவிடும். மூச்சை இழுக்கும்போது குழாய் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டின குழாய் வழியாகக் காற்று போக முட்டுவதுதான் அந்த ஹாரன் சத்தம். எலும்பும் கிடையாது, நடிப்பும் கிடையாது.

அக்கா படத்தின் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். "ஈரம் காயறதுக்கு முன்ன அச்ச பிரிச்சிட்டா பொம்மைக் கழுத்து இப்பிடித்தான் சார் உக்காந்துக்கும்" என்றாள்.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, இதைவிடச் சுலபமாகத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

"நாங்க அத்த மறுபடி கரைச்சி ஊத்திடுவோம். இத்த என்னா பண்றது?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். பெரிய ஊர்களில் குழாய்க்குள் கம்பிவலை வைத்துத் தாங்கக் கொடுக்கிறார்கள், அதற்குச் செலவும் அதிகம், எல்லா நாய்க்கும் ஒத்துவராது என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "இது குணமாவுற நோவு இல்ல தம்பி. ஆனா வெச்சிப் பாத்துக்கலாம். ஒழுங்கா பாத்துக்கிட்டா வருசக்கணக்குல இருமிக்கிட்டே நல்லா இருக்கும்."

அவர் சொன்னதையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். உடம்பு இளைக்க வேண்டும், சோற்று உருண்டை கூடாது. புகை கூடாது, தூசி கூடாது. வெயிலில் நடக்கவைக்கக் கூடாது. கழுத்தில் பட்டை கூடாது, கயிறு பிடித்துக் கூட்டிப் போவதானால் மார்போடு மாட்டுகிற வாரில்தான் கோக்க வேண்டும். இருமல் தொடர்ந்து வந்தால் மட்டும் மாத்திரை. எல்லாவற்றையும்விட முக்கியம், அது பரபரப்படையக் கூடாது. சந்தோஷமோ கோபமோ, மூச்சு வேகமாக வாங்கினால் குழாய் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஒன்று சொன்னாள். காரில் வந்தவர்கள் ஏன் டோல்கேட்டிலிருந்து திரும்பவில்லை என்று தனக்கு இப்போது விளங்குகிறதாம். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

சிவப்புப் பட்டையைக் கடலூரிலேயே கழற்றி எறிந்துவிட்டோம். நோட்டில் இருந்ததைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பட்டறைத் தூசி வராமலிருக்க ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினோம். அம்மா சாம்பிராணி போடுவதை விட்டாள். குளுமைக்காகத் தண்ணீர்த் தொட்டி அடியில் நனைத்த சாக்கு போட்டு மைதாவுக்கு இடம் ஒதுக்கினோம். ஈரச் சாக்கு வாசனை எங்கே வந்தாலும் நான் இன்றைக்கும் குனிந்து பார்த்துவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். இளைத்திருக்கிறது, ஆனால் இருமல் குறையவில்லையே என்று அவர் கழுத்து மயிருக்குள் விரலை விட்டுத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கழுத்துல ஒண்ணும் கட்டலைன்னு சொன்னீங்களே?"

"கட்டலீங்களே" என்றாள் அம்மா.

"அப்ப இது?"

"அது கயிறுங்க. கண்ணு படாம இருக்க மந்திரிச்சது."

மயிருக்குள் புதைந்து இறுகிக் கிடந்தது கறுப்புக் கயிறு. மைதா வந்த வாரத்தில் அம்மா கட்டியது. அம்மாவைக் குறை சொல்லி என்ன? வாரா வாரம் நாயைக் குளிப்பாட்டியது நான். அந்தக் கயிற்றின் மேல் சோப்புப் போட்டுத் தேய்த்தவனும் நான். எங்களுக்குக் கயிறு என்பது கட்டுகிற சாமான் இல்லை, உடம்பில் இருப்பது. என் இடுப்பிலும் ஒன்று இருந்தது. டாக்டர் கத்தரியால் நறுக்கினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து இருமல் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி அப்பாவிடம் இருந்தது. புதன்கிழமை அந்த மூன்று ஹாரன் சத்தம்தான் மைதாவுக்கு வாரத்திலேயே பெரிய பரபரப்பு. நான் சுவரில் ஒட்டிய தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் ஹாரன் அடிக்கக் கூடாது. தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். உள்ளே வந்ததும் மைதாவைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. கால் மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். அது அடங்கின பிறகு மெதுவாகத் தடவிக் கொடுக்கலாம். அப்பா முழுவதையும் கேட்டார்.

"வாரத்துல ஒரு நாளு வரேன். வாய்யான்னு கூப்புட இந்த வூட்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அத்தயும் படிச்சவன் வந்து நிறுத்திட்டான்" என்றார்.

ஆனால் சொன்னபடி செய்தார். அடுத்த புதனிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடைந்த கப்புத் துண்டுகளின் மேல் டயர் நொறுநொறுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். வந்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நாங்களும் எழுந்து போய் வரவேற்க முடியாது, எங்கள் பரபரப்பு அதற்குத் தொற்றிவிடும். ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருப்போம். மைதா அவர் காலடியில் வாலை ஆட்டி ஆட்டி, ஏன் இவர் பார்க்கமாட்டேன் என்கிறார் என்று புரியாமல், கடைசியில் படுத்துக்கொள்ளும். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கேன்" என்று ஒரு நாள் முணுமுணுத்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாதே, அடக்கிக்கொண்டோம். இப்படி அந்த வீடு சத்தமில்லாத வீடாயிற்று. நான் காலேஜிலிருந்து வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைவேன். அம்மா வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மைதாவுக்கு நல்ல மூச்சு வந்தது. மழையும் பனியும் அப்படியே கழிந்தன.

சித்திரை வந்தது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாதென்றால், சூளைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதை ஊர் முழுக்கப் பரப்பினால் எப்படியோ அப்படி. இருமல் திரும்பியது. மாத்திரை கொடுத்தால் தூங்கியது, விழித்தால் இருமியது. டாக்டரைக் கேட்டால், வெயில் தணியும்வரை இப்படித்தான், சமாளியுங்கள் என்றார். அம்மாவால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிடலாம் என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் செய்வதுதான். குறையை மனுவாகத் தாளில் எழுத வேண்டும். கோயிலில் பணம் கட்டிப் பூசை செய்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். நம் வீட்டுக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்கபடி படிக்காசும் உண்டு, சாமி வந்து விசாரிக்க வேண்டுமல்லவா. மூன்று மாதத்துக்குள் காரியம் ஆகிவிடும் என்பார்கள். ஆனதும் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டினபடியே விட்டுவிடக் கூடாது.

தெருவுக்கே மனு எழுதுகிறவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தடை. சாமிக்கு எழுதுகிற மனுவில் "நாய்" என்று எழுதக் கூச்சமாக இருந்தது. மைதா என்று எழுதினால் கோயிலில் வாங்கிப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? காலேஜில் படிக்கிற பையன் இதற்கெல்லாம் பிராது கட்டுகிறான் என்றுதானே? அதனால் பொதுவாக எழுதினேன். எங்கள் இல்லத்தில் கடந்த சில மாதங்களாக அல்லும் பகலும் நிலவி வரும் இருமலால் குடும்பத்தினர் அனைவரும் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளோம், ஆகவே சுவாமி அவர்கள் கருணை கூர்ந்து மேற்படி இருமலுக்கு நிரந்தரத் தீர்வு காண ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கலெக்டருக்கு எழுதினதுபோல் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். சுருட்டி, நூல் சுற்றி, வேலில் கட்டினோம். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் இதற்கெல்லாம் கிண்டல் செய்வார்.

நாற்பது நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, உச்சி வேளை. ஓட்டல் முதலாளி வீட்டில் கல்யாணம், இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அப்பாவுக்கு எதிர்பாராமல் லீவு. சொல்லாமல் வந்தார். சொன்னால் எங்கள் முகத்தைப் பார்த்து மைதா கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தாராம். தெருமுனையில் எஞ்சினை நிறுத்தினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், செருப்பை வெளியிலேயே விட்டார். எல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தபடி. மைதா தொட்டி அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தது. புதன்கிழமை இல்லாத ஒரு நாளில், ஹாரன் இல்லாமல், வண்டிச் சத்தம் காதில் விழாமல், அப்பா எதிரில் நின்றார்.

அது ஓடிவந்த ஓட்டத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர் முழங்கால்வரை எம்பியது. ஹாங்க் என்றது. மறுபடி ஹாங்க். மூன்றாவது சத்தம் பாதியில் உடைந்தது. நாக்கு நீலமாயிற்று. அம்மா தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினாள், அக்கா முறத்தால் விசிறினாள், நான் தெருவில் ஓடி ஆட்டோவைப் பிடித்து வந்தேன். கடலூர்வரை போகும் நேரமில்லை, ஊரிலேயே மாட்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னோம். நான் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பின்னால் அப்பா மடியில் ஈரத்துணி சுற்றி மைதா. இருமல் சத்தம் ஆட்டோவை நிரப்பிக்கொண்டு வந்தது. மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது சத்தம் ஓய்ந்தது.

"நின்னுடுச்சு" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு நிம்மதி. "இருமல் நின்னுடுச்சுடா. எப்பா, வண்டிய மெதுவா வுடு. தூங்குது."

டிரைவர் மெதுவாக ஓட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பாலம் முடிகிறவரை சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். பட்டறைக்காரர்கள் கொட்டிய உடைசல் நிறையக் கிடந்த மண், கடப்பாரை இறங்க மறுத்தது. அன்று மாலை அம்மாதான் தாங்காமல் சொல்லிவிட்டாள், பிராது கட்டியும் இப்படி ஆகிவிட்டதே, மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்று.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னான்னு எழுதுன?"

எனக்கு மனப்பாடம். சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். நிரந்தரத் தீர்வு என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். பிறகு, "இருமிக்கிட்டே இருக்கட்டும்னு எழுதியிருக்கலாமேடா" என்றார்.

திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். டாக்டர் சொன்னதும் அதே சொல்தான். இருமிக்கிட்டே நல்லா இருக்கும். கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டவன் நான். மனு எழுத உட்கார்ந்தபோது அது சாதாரணப் பேச்சாகப் பட்டது. வெயிலும் நோயும்தான் அதைக் கொன்றன என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டது என்னவோ அது எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு இருமல் வந்தது. பட்டறைக்காரர்களுக்கு அவ்வப்போது வருவதுதான், தூசி. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டு தரம் இருமினாள். மூன்று பேரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அதுல நாயின்னு எழுதியிருக்க இல்ல?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இல்லத்தில் நிலவி வரும் இருமல். மேற்படி இருமல். வேலில் அந்தத் தாள் இன்னும் கட்டியிருந்தது. அப்பா கையைக் கழுவினார். மறுநாள் காலை நாலு பேரும் கோயிலுக்குப் போனோம். அக்கா இருமல் வரும்போதெல்லாம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். வாபஸ் வாங்குமுன் சாமி காதில் அது விழுந்துவிடக் கூடாதே.

வாபஸுக்கும் எழுத வேண்டும். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து எழுதினேன். மேற்படி பிராதில் கோரிய காரியம் நிறைவேறிவிட்டபடியால். அதற்குமேல் மார்ஜினும் வரவில்லை, கையெழுத்தும் கோணிக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, நல்லபடியாக நிறைவேறியதா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"நிறைவேறிடுச்சுங்க" என்றார் அப்பா.

அக்காவின் இருமல் பத்து நாளில் போய்விட்டது. அவள் கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணம் போனாள். பட்டறை வேலையை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் உடைசல் கொட்டின இடம் மனை போட்டு விற்றாயிற்று. மைதாவின் மேல் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். தெருவுக்குச் சிமெண்டு போட்டுவிட்டார்கள், வண்டி தள்ளி வந்தால் நொறுநொறுக்க ஒன்றுமில்லை. எனக்குக் கடலூரில் ஆபீஸ் வேலை, வருகிற மனுக்களுக்கு நம்பர் போடுவது. நான் யாருக்கும் மனு எழுதித் தருவதில்லை. கேட்டு வருகிறவர்கள், வேலை கிடைத்ததும் பையனுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்வதாக அம்மா சொன்னாள். அப்பா வேப்பூர் ஓட்டலை விட்டுத் தாம்பரம் பக்கம் போய்விட்டார். சம்பளம் கூட, அதனால்தான் போனார் என்று சொல்லிக்கொள்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தரம் வருகிறார். வந்தால் யாரையும் கூப்பிடுவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கால் மணி நேரம் சும்மா இருக்கிறார். எங்கள் வீட்டில் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது. அது இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வருகிற ஒரு நாள்.

எவ்வளவு செலவாயிற்று என்று அக்காவின் வீட்டுக்காரர் ஒரு முறை கேட்டார். எக்ஸ்ரே, மாத்திரை, மார்பு வார், கடலூர் பஸ், ஆட்டோ எல்லாம் கூட்டி ஏதோ ஐந்தாயிரத்துச் சொச்சம் என்று அக்கா சொன்னாள். எனக்கு அந்தக் கணக்கு நினைவில் நிற்கவில்லை. கோயிலில் அப்பா சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து, எண்ணி, வாபஸுக்கும் படிக்காசுக்கும் சேர்த்து வைத்தது நினைவிருக்கிறது. பதினேழு ரூபாய்.